சாயக் கொடிக்குக் கீழே

1983 பொங்கலுக்கு ரஜினியின் ‘பாயும் புலி’ வந்தது. அந்தத் தை முடிவதற்குள் தெப்பக்குளத்துப் பக்கம் கையை ஓங்காமல் நடக்கும் பையனைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதற்கு முன்னாலும் மதுரைக்கு இந்த வித்தை தெரியாமல் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரீகல் தியேட்டர் இருந்தது. பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம். அங்கே புரூஸ் லீயைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன்மாரிடம் கதை என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டுவார்கள். 1973 ஜூலையில் செத்துப்போன மனிதர், பத்து வருஷம் கழித்தும் எங்கள் தெரு சலூன் சுவரில் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கராத்தேக்காரரே இல்லை, ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் கற்றவர் என்பதை அப்போது எவனாவது சொல்லியிருந்தால் அவனுக்கு அந்தச் சலூனில் முடி வெட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கராத்தே கிளாஸ் நடந்தது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள். கரையில் இல்லை, உள்ளேயே. இப்போது வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்தில் தைப்பூசத்துத் தெப்பத் திருவிழாவை ஒட்டித்தான் அங்கே தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் அது காய்ந்த மைதானம். மைய மண்டபத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் பத்துக் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்; எந்தப் பந்து யாருடையது என்று சண்டை மூளும். திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தின் தரையில், கிழக்குச் சுவரின் நிழல் விழும் ஓரத்தில், நாங்கள் வெள்ளை டிரஸ்ஸில் வரிசையாக நின்று “இச், நி, சான், ஷி” என்று கத்துவோம். பவுண்டரியில் நிற்கும் பையன்கள் “இட்லி, நெய், சாம்பார், சட்னி” என்று எதிர்க்கத்துவார்கள். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு எஸ்டி பைக்கில் நேராக வருகிறவர். குளத்துப் படிக்கட்டு உச்சியில் பைக்கை நிறுத்தி, மேலேயிருந்தே வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். கோணலாக நிற்பவன் தானாகச் சரியாகிவிடுவான்.

நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அவன் வந்து சேர்ந்தான். முனிச்சாலைப் பக்கம் அவன் அப்பாவுக்குச் சாயப்பட்டறை, பங்குக்கு. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், குளத்துக்குள் ஜப்பான் எண்ணிக்கை என்று மூன்றையும் கலக்காமல் பேசுவான். அவன் கையைப் பார்த்தால் பட்டறையில் அந்த வாரம் என்ன நிறம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அரக்கோ பச்சையோ ஏறியிருக்கும். நகக்கண்ணில் மட்டும் போன வாரத்து நிறம் மிச்சமிருக்கும். ஒல்லி. குட்டை. உதைக்கச் சொன்னால் கால் இடுப்புக்கு மேல் போகாது. “ரெண்டு மாசம் தாங்குவான்” என்றார் மாஸ்டர், என் காதுபட.

அது சாபமில்லை, கணக்கு. ரஜினி படம் பார்த்துவிட்டுச் சேர்ந்தவர்கள் காலாண்டுப் பரீட்சைக்குள் பாதியாகிவிடுவார்கள். முதல் மாதம் முழுக்கத் தண்டாலும், முன்னால் அடி வைத்துக் குத்துவதும்தான். ஓடு உடைப்பது எப்போது, நஞ்சாக் சுற்றுவது எப்போது என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, அவனவன் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். போவதற்கு வெகுதூரம் நடக்க வேண்டியதும் இல்லை, முப்பதடியில் அடுத்த டீம். இவன் எதையும் கேட்கவில்லை. நின்றான்.

முதல் பெல்ட் டெஸ்டில் அவனுக்கு எல்லோ பெல்ட் கிடைத்தது. டெஸ்ட் பீஸ் தனி, பெல்ட்டுக்குத் தனி. அவன் பெல்ட் காசைக் கொண்டுவரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய வெள்ளை பெல்ட்டையே மஞ்சளாக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். கடைப் பெல்ட்டைவிட நல்ல மஞ்சள், திட்டில்லாமல் ஒரே சீராகப் பிடித்திருந்தது. மாஸ்டர் அதை அவிழ்க்கச் சொல்லி வாங்கி, விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலில் நிறம் ஒட்டவில்லை.

“யார்றா போட்டது?”

“நான்தான் மாஸ்டர். உப்பு எவ்வளவுன்னு மட்டும் அப்பா சொன்னாங்க.”

திட்டு விழும் என்று எதிர்பார்த்த எங்களுக்கு ஏமாற்றம். அடுத்த டெஸ்ட் முடிந்ததும் மற்றப் பையன்களின் பெல்ட்டுகளும் சுருட்டிக் கட்டி முனிச்சாலைக்குப் போக ஆரம்பித்தன. மஞ்சளுக்கு மேல் நீலம் ஏற்றினால் பச்சை, அதற்கு மேல் என்ன ஏற்றினால் பிரவுன் என்பதெல்லாம் அவனுக்குக் கைப்பழக்கம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது என்று எங்களுக்கு அவன்தான் சொன்னான். கருப்பை மட்டும் மாஸ்டர் முன்கூட்டியே தடுத்துவிட்டார். “அதுக்கு மெட்ராஸ்ல டெஸ்டு. பெல்ட்டும் சர்டிபிகேட்டும் சேர்ந்து வரும். பட்டறைப் பக்கம் கொண்டு போயிராத.”

இந்தக் கலர் பெல்ட்டெல்லாம் ஆயிரம் வருஷத்துப் பழக்கம், போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு போனது என்றுகூட எங்களில் சிலர் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது என் தாத்தாவின் தாத்தா காலத்துச் சமாசாரம். டோக்கியோவில் 1882இல் ஜூடோ பள்ளி தொடங்கிய கானோ ஜிகோரோ என்ற பேராசிரியர்தான் மாணவர்களைத் தரம் பிரித்து, தேறியவர்களுக்குக் கருப்புக் கச்சை கொடுத்தார். ஒகினாவாத் தீவின் கராத்தேக்கு அதெல்லாம் கிடையாது. அங்கே வீட்டு முற்றத்தில், ஆள் பார்க்காத நேரத்தில் கற்றுக்கொடுத்த வித்தை அது. ஒகினாவாவிலிருந்து வந்து டோக்கியோவில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின், கானோவின் முறையைப் பார்த்து 1924இல்தான் தன் மாணவர்களுக்கு முதன்முதலாகப் பிளாக் பெல்ட் கொடுத்தார். நடுவில் வரும் மஞ்சள், பச்சை, நீலமெல்லாம் ஐரோப்பாவில் ஜூடோ கற்றவர்களுக்குப் பொறுமை போதாமல் பிறகு சேர்ந்தவை. எங்கள் குளத்துக்கு அந்த வானவில் மொத்தமாக வந்து சேர்ந்தது. அதே நாட்களில் அவன் அம்மாவும் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு மஞ்சள் பெல்ட் கொடுக்க யாருமில்லை.

பிரவுன் பெல்ட்டில் அவன் மாட்டிக்கொண்டான். மாட்டிய இடத்துக்குப் பெயர் டெக்கி ஷோதான்.

அது ஒரு கட்டா. தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரிசை மாறாமல் போட வேண்டிய அடியும் தடுப்பும். மற்றக் கட்டாக்களில் நாலு திசையிலும் திரும்பலாம், பாயலாம், பார்ப்பவர்களுக்கும் கண்ணுக்கு நன்றாயிருக்கும். டெக்கியில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரே கோட்டில் இங்கிட்டுக் கொஞ்சம், அங்கிட்டுக் கொஞ்சம், அவ்வளவுதான். குதிரை மேல் உட்கார்ந்தாற்போலத் தொடையை விரித்து, முட்டியை வெளியே தள்ளி, முதலிலிருந்து கடைசிவரை அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். நடுநடுவே பாதத்தைச் சட்டென்று உள்பக்கமாக மடித்து மேலே வீசி, எடுத்த இடத்திலேயே திரும்ப ஊன்ற வேண்டும். அப்போது தலை ஒரு விரற்கடைகூட எழும்பக் கூடாது. மாஸ்டர் பிரம்பை நம் உச்சந்தலைக்கு மேலே கிடையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். எழும்பினால் ‘டொக்’. அவர் அடிக்கவில்லை, நாமாகப் போய் முட்டிக்கொள்கிறோம் என்பதால் புகார் சொல்லவும் வழியில்லை.

அவன் தலை எழும்பிக்கொண்டே இருந்தது. கூடச் சேர்ந்தவர்கள் பஸ்ஸாய் டாய், கங்கு டாய் என்று பெரிய கட்டாக்களுக்குப் போய்விட்டார்கள். இவன் வரிசை ஓரத்தில் தனியாக டெக்கி போட்டுக்கொண்டிருப்பான். “அடுத்தது சொல்லித்தாங்க மாஸ்டர்” என்று ஒருநாள் கேட்டதற்கு, “முதல்ல தரையில நில்லு” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானாக இருந்தால் அன்றைக்கே பேட்டைத் தூக்கியிருப்பேன். நான் கிரீன் பெல்ட்டோடு நின்றவன். அதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. வகுப்பிலிருந்து நின்றேனே தவிர, அவனோடான சகவாசம் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் எதற்கோ அவனைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். வாசலில் நுழைந்ததும் முகத்தில் அறையும் அந்த நெடி, கொதிக்கும் சாயத் தொட்டி, கால் வைத்தால் வழுக்கும் தரை. தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நகரக்கூடிய இடைவெளி. அந்தச் சந்தில்தான் அவன் டெக்கி போட்டுக்கொண்டிருந்தான். முன்னும் பின்னும் இல்லாத கட்டாவுக்கு அதைவிட ஏற்ற இடம் கிடையாது. தலைக்கு மேலே கொடி. கொடியில் அப்போதுதான் அலசிப் போட்ட சேலைகள், சொட்டச் சொட்ட, அவன் தலைக்கு நாலு விரற்கடை மேலே தொங்கின. கொடியை அவனே அளந்து இறக்கிக் கட்டியிருந்தான். பாதத்தை வீசும்போது தலை எழும்பினால் ஈரச் சேலை உச்சியில் படும். அவன் முடியில் அரக்கும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அவன் அப்பா தொட்டியில் கோல் போட்டுக் கிளறிக்கொண்டே, “நாலு பாவு நூலை உலர்த்தச் சொன்னா சீனாக்காரன் மாதிரி குதிக்கிறான் தம்பி” என்று என்னிடம் முறையிட்டார். ஆனால் கொடியை ஏற்றிக் கட்டச் சொல்லவில்லை. நாளாக நாளாக அவன் தலையில் நிறம் குறைந்தது. தெருவில் நாங்கள் அவன் முடியைப் பார்த்துத்தான் முன்னேற்றத்தைக் கணக்கிட்டோம்.

ஃபுனாகோஷியின் தன்வரலாற்றை நான் படித்தது வெகுநாள் கழித்து. அவரும் சிறுவயதில் நோஞ்சான். பகலில் பள்ளிக்கூட வேலை, ராத்திரியானால் கையில் லாந்தரோடு குரு அஸாத்தோவின் வீட்டுக்கு நடை. முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, குரு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். அடுத்ததுக்குப் போகலாம் என்ற வார்த்தை லேசில் வராது. விடியும் நேரத்தில் வீடு திரும்பும் இளைஞனைப் பார்த்து, வேறு மாதிரியான தெருவுக்குப் போய்வருகிறான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். டெக்கி வகைக் கட்டா மூன்றுக்கும் சேர்த்து அவருக்குப் பிடித்தது பத்து வருஷம். அதைப் படித்தபோது எனக்கு ஒகினாவா கண்ணில் வரவில்லை. நாப்தால் நெடிதான் மூக்கில் வந்தது.

1987 மே மாதம் அவனை மெட்ராஸுக்கு அனுப்ப மாஸ்டர் சம்மதித்தார். பீஸ் தொகையைக் கேட்டதும் அவன் அப்பா, அதில் ஒரு மாடு வாங்கலாம் என்றார். எப்படியோ புரண்டது, அக்காவின் முடிச்சுக் காசு அதில் கணிசம். தனியாக அனுப்ப வீட்டில் பயந்ததால் துணைக்கு நான். மீட்டர் கேஜில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஆடி ஆடிப் போய் விடியக்காலை எழும்பூரில் இறக்கியது. ஒரு கல்யாண மண்டபத்தில் டெஸ்ட். நெஞ்சில் நம்பர் எழுதிய காகிதம். டெக்கி போட்டபோது மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரில் ஒருவர், குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அது போதும் என்று நினைத்தேன். மத்தியானம் குமிதே, நிஜமாகவே எதிரே ஆள் நிற்கும் மோதல். எதிரே வந்தவன் இவனைவிட ஒரு தலை உயரம். பழக்கதோஷம், இவன் பக்கவாட்டிலேயே நகர்ந்தான். முன்னால் போகவே இல்லை. சாயங்காலம் வாசித்த பட்டியலில் இவன் நம்பர் வரவில்லை. திரும்பும் ரயிலில், விழுப்புரம் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம், “அண்ணே, இருக்கிற பூரியக் குடுங்க” என்றான்.

அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் மறுபடி தேதி வந்தது. பை கட்டி வைத்தாயிற்று. கிளம்ப வேண்டிய நாள் 24. விடியற்காலையில் எம்ஜிஆர் இறந்துபோனார் என்று தெருவெல்லாம் ஓலம். பஸ் இல்லை, ரயில் ஓடுமா தெரியவில்லை, கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. அவன் அம்மா எம்ஜிஆர் படத்துக்கு மாலை போட்டு அழுதுகொண்டிருந்தார். இவன் அதே அறையில் பையிலிருந்து டிரஸ்ஸை எடுத்துத் திரும்ப மடித்து வைத்தான். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து தினமும் வகுப்பு முடிந்த பிறகு, பெரிய ஆட்கள் மூன்று பேரை அவனோடு மோதவிட்டார். குளத்தில் தண்ணீர் விட்டிருந்த நாட்களில் கரை மேல் நடக்கும். முக்கில் நின்று வேடிக்கை பார்க்கும் பூக்காரம்மா, “சின்னப் பையனப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே” என்று மாஸ்டரையே வைவார்.

1988இல் தேறிவிட்டான். அதைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. பட்டியலில் நம்பர் வந்தது, அவ்வளவுதான். சர்டிபிகேட்டும் பெல்ட்டும் வந்து சேர மாதங்கள் ஆயின. சர்டிபிகேட்டில் ஜப்பான் எழுத்தில் ஏதோ இருந்தது. அது அவன் பெயர்தானா என்று சொல்ல மதுரையில் ஆளில்லை. குளத்துக்குள் எல்லாரையும் மண்டியிட்டு உட்காரவைத்து, மாஸ்டர் தன் கையால் அவன் இடுப்பில் கருப்பு பெல்ட்டைக் கட்டினார். கிரிக்கெட் பையன்கள்கூடக் கை தட்டினார்கள். வகுப்பு கலைந்ததும் அவன் பெல்ட்டை அவிழ்த்து, நுனியை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். விரல் கருத்தது.

“சாயம் போகுது மாஸ்டர்.”

மாஸ்டர் வாங்கித் தானும் தேய்த்துப் பார்த்தார். “போகுதுதான்.”

“சல்பர் கருப்பு. சரியா அலசலை.” கொஞ்சம் தயங்கினான். “நான் கொண்டுபோய் ஒருதரம் முக்கிக் கொண்டுவரவா?”

பட்டறைப் பக்கம் கொண்டு போகாதே என்று அத்தனை வருஷம் சொன்ன மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மாஸ்டர் இப்போது இல்லை. மில்லும் மூடிவிட்டது. அச்சுப் போட்ட சுங்குடி மலிவாக வரத் தொடங்கியதும் முடிச்சுப் போடும் திண்ணைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தத் தெருவில் கையால் முடிச்சுப் போடத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது பைக் சர்வீஸ். வகுப்பு நடந்த தரைக்கு மேல் படகு விடுகிறார்கள். வைகை மணலில் விடிகாலை ஓட்டம் ஓடுவோம் என்றால் என் பிள்ளைகள், “ஆத்துல மணலா?” என்கிறார்கள். ஒன்று மட்டும் கூடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்: அன்றைக்குக் குளத்துக்குள் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. இன்றைக்குக் காமராஜர் சாலையில் எந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலும் கராத்தே டிரஸ்ஸில் பாதிக்குப் பாதி அவர்கள்தான்.

பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸும் இருக்கிறது. பால்பல் விழாத வாயோடு, இடுப்பில் கருப்பு பெல்ட் கட்டிய குழந்தைகளின் படங்கள், சாதனை மாணவர் என்ற பட்டத்தோடு. குழந்தைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் கட்டிய அப்பா அம்மாவுக்குக் காட்ட ஏதாவது வேண்டியிருக்கிறது, மாஸ்டருக்கும் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஏழு வயதுக் கருப்பைப் பார்க்கும்போது, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்க விரல் துறுதுறுக்கிறது.

அவன் இப்போது தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறான். தொப்பை போட்டாயிற்று. இளைய மகள் ஏழாவது படிக்கிறாள், கராத்தேக்குப் போகிறாள், நன்றாகச் செய்கிறாளாம். போன மாதம் பேசியபோது குரலில் சோர்வு தெரிந்தது. என்னடா என்றேன்.

“அவங்க மாஸ்டர் கூப்பிட்டு, பாப்பாவை அடுத்த மாசம் பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு அனுப்புறேன்னு சொன்னாருண்ணே. நான், இப்ப வேணாம் சார், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்னுட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. பீஸ் கட்ட முடியலையான்னு கேட்டாரு.”

“பாப்பா என்ன சொல்லுது?”

“மூணு நாளா எங்கிட்டப் பேசலை. அவங்க அம்மாகிட்ட, அப்பாவுக்குக் கராத்தே பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருக்கா.”